அறுபத்திநாலு உருப்படி

இல்லம்மா, பை அந்தச் சேர்லயே இருக்கட்டும், நான் இப்படி ஓரமா நகந்துக்கிறேன். நீங்க துடைங்க. காலைத் தூக்கணுமா? தூக்கிட்டேன். மூணு டீ குடிச்சாச்சு, எந்திரிங்கன்னு சொல்லிடுவாரோன்னு கல்லாவுல இருக்கிறவரையே பாத்துக்கிட்டிருக்கேன். சொல்ல மாட்டாரா? நல்லதாப் போச்சு. எனக்கு நாலரை வரைக்கும் நேரம் இருக்கு.

ஆமா, வீடு மாத்திக்கிட்டுப் போறோம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஓ, மத்தியானம் அந்த நீல வண்டி நின்னதைப் பாத்தீங்களா. மேல கட்டிலைத் தலைகீழாக் கட்டியிருந்துச்சே, அதேதான். கையில அட்டையை வெச்சுக்கிட்டு ஒருத்தர் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து எண்ணிக்கிட்டிருந்தாரா? செக்கிங் அதிகாரின்னு நெனச்சீங்களா. அட போங்கம்மா. அது எங்க வீட்டுக்காரரு.

பக்கத்து ஊரு இல்லம்மா, நாட்டோட அந்தக் கோடி. மூணு நாள் ஓட்டம், இன்னைக்கு ரெண்டாவது நாள். சாமானை லாரியில அனுப்பிட்டு நாம ரயில்ல போயிருக்கலாமேன்னுதான் நானும் கேட்டேன். சாமானைக் கண் பார்வையில இருந்து விடக்கூடாதாம். முப்பத்திநாலு வருஷம் ஒரு பம்பு கம்பெனியில ஸ்டோர்ஸ் பாத்தவரு. உதிரி பாகமெல்லாம் அடுக்கி வெச்சிருப்பாங்களே, அந்தக் கிடங்கு. அத்தனை வருஷத்துல ஒரு வாஷர் குறைஞ்சதில்ல. ஒரே ஒரு தடவை ஒரு வாஷர் கூடுதலா இருந்துடுச்சு. மூணு நாள் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கலை. குறைஞ்சா எவனோ எடுத்துட்டான்னு மனசைத் தேத்திக்கலாம், கூடுதலா இருந்தா யார்கிட்டப் போய்க் கேக்கறதுங்கறாரு.

சிரிக்காதீங்க. நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கை நீட்டினது கிடையாது. என் நாத்தனார் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, எங்கண்ணன் மாதிரி பொறுப்பான ஆளு கிடைக்குமா அண்ணின்னு கேப்பா. கிடைக்க மாட்டாரு. நான் இல்லைன்னே சொன்னதில்ல.

ரிட்டயர் ஆன அன்னைக்குக் கம்பெனியில ஒரு விழா வெச்சாங்க. மேடையில உக்கார வெச்சு ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளிட்டாங்க. கடைசியா இவரு நன்றி சொல்ல எந்திரிச்சாரு. சீட்டுல எழுதிக் கொண்டு வந்திருந்தாரு. மேனேஜருக்கு நன்றி, லாரி ஆபீஸ்காரருக்கு நன்றி, வருஷா வருஷம் எடை மெஷினைச் சரி பண்ணிக் கொடுத்தவருக்கு நன்றி, கிடங்குல எலி பிடிச்ச பூனைக்கு நன்றி. பூனைன்னதும் எல்லாரும் கை தட்டிட்டாங்க, அதோட உக்காந்துட்டாரு. நான் முதல் வரிசையில, அடுத்து நம்மளைத்தான் சொல்லப் போறாருன்னு முகத்தையெல்லாம் தயாரா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன், ஏங்க, பூனைக்கு அப்புறம் யாருமே ஞாபகம் வரலையான்னு. ரொம்ப நேரம் யோசிச்சாரு. ஐயையோ, வாட்ச்மேனை விட்டுட்டேனேன்னாரு.

அப்புறம் வீட்டுல உக்காந்தாரு. ஸ்டோர்ஸ் இல்லாத ஸ்டோர்ஸ்காரரு என்ன பண்ணுவாரு, வீட்டையே ஸ்டோர்ஸ் ஆக்கிட்டாரு. கரண்டி எல்லாம் உயர வரிசையில. அதுவும் அலுத்துப் போனதும், இந்த ஊரே சரியில்லைன்னு கண்டுபிடிச்சாரு. பெரிய தாள்ல கட்டம் போட்டாரு. பதினேழு ஊரு. மழை எவ்வளவு, தூசி எவ்வளவு, தண்ணியில உப்பு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம், எல்லாத்துக்கும் மார்க். எங்க கல்யாணத்துக்குக்கூட மனுஷன் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாரு. கடைசியில முதல் மார்க் வாங்கின ஊருல எங்களுக்கு ஈ காக்காகூடத் தெரியாது. தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு ஒரு கட்டம் போட்டிருக்கலாமேங்கன்னேன். அதை எப்படி அளக்கறதுன்னு கேட்டாரு. கிண்டல் இல்லம்மா, நெசமாவே சந்தேகத்துல கேட்டாரு.

உக்காருங்களேன், நின்னுக்கிட்டே கேக்கறீங்க. மூணுல இருந்து நாலு வரைக்கும் கூட்டம் வராதுதானே. உக்காருங்க.

சாமான் கட்ட ஆரம்பிச்சதும் அவருக்குப் பத்து வயசு குறைஞ்சு போச்சு. மூணு நிறத்துல ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்தாரு. பச்சையில எ, மஞ்சள்ல கொ, சிவப்புல க. எடு, கொடு, கண்டம். கண்டம்னா தெரியுமில்ல? உங்க கடைக்குப் பின்னாடி கால் உடைஞ்ச சேரெல்லாம் குவிச்சு வெச்சிருக்கீங்களே, அது. இனி உதவாதுன்னு எழுதித் தள்ளிட்டா, கம்பெனி பாஷையில கண்டம். எனக்குக் கல்யாணமான புதுசுல தெரியாது. ஒரு நாள் வந்து, இன்னைக்கு ஸ்டோர்ஸ்ல பெரிய கண்டம்னாரு. நான் பதறிப் போய், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கையைக் காலைத் தடவிப் பாக்கறேன். முப்பது கிலோ பழைய பெல்ட்டாம்.

எது எடு, எது கண்டம்னு முடிவு பண்ண ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. ஆறு மாசமா உபயோகத்துல இல்லைன்னா கண்டம். பேச்சே கிடையாது. என் தையல் மெஷினுக்கு செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாரு.

ஆமாம்மா, நான் தைப்பேன். இருபத்திரண்டு வருஷமா யூனிஃபார்ம் கடைக்குத் தைச்சுக் கொடுத்தேன். மடிப்புப் பாவாடை. எங்க ஊருல காலையில எட்டரை மணிக்கு ரோட்டுல நின்னீங்கன்னா, போற வர்ற பொண்ணுங்கள்ல பாதிப் பேரு பாவாடை நான் வெச்ச மடிப்பு. ஒரு மடிப்பு கோணலா இருக்காது. அப்ப ஏன் ஆறு மாசமா தைக்கலைன்னுதானே கேக்கறீங்க? அவரு ரிட்டயராகி ஆறு மாசம் ஆகுதே. பேப்பர் படிக்கும்போது தடதடன்னு சத்தம் வருதுன்னாரு, நிறுத்தி வெச்சேன். சத்தம் போடாம ஆறு மாசம் இருந்தா அது உபயோகத்துல இல்லாத சாமான் ஆயிடுது பாருங்க.

அன்னைக்கே இன்னொண்ணு நடந்துச்சு. நான் காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் அட்டைப் பெட்டி தூக்கி, கடைக்குப் போயி, பாலு வாங்கி, நாலு பேர்கிட்டப் பேசிட்டு வந்திருக்கேன். எதிர் வீட்டு அம்மாதான் கூப்பிட்டு, அக்கா, முதுகுல என்னமோ ஒட்டியிருக்குன்னாங்க. செவப்பு ஸ்டிக்கர். நாள் பூரா ஊருக்குள்ள கண்டம்னு எழுதி ஒட்டிக்கிட்டு சுத்தியிருக்கேன். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. உள்ள ஓடிப் போய், இதைப் பாருங்கன்னு முதுகைக் காட்டினேன். ஒரு சிரிப்பு சிரிச்சா போதும், என்னைக் கிண்டல் பண்ணினாக்கூடப் போதும். அவரு, அப்பாடா, ஒரு ஸ்டிக்கர் குறையுதேன்னு காலையில இருந்து தேடிக்கிட்டிருக்கேன்னு சொல்லி, பதமா உரிச்சு எடுத்து, ஓட்டை வாளியில ஒட்டினாரு.

இருங்க, போன்.

சொல்லுங்க... முப்பத்தேழா? நிலைக்கண்ணாடி. இருக்கு... இல்ல, சாயலை. போர்வை சுத்தி நானே கட்டினது, சாயாது... உங்க மாத்திரை முன்னாடி டப்பாவுல இருக்கு, டிரைவர்கிட்டக் கேளுங்க. மூணு மணிக்கே போட்டிருக்கணும்... ம். சரி.

அவருதான். முழிக்காதீங்க, சொல்றேன். வண்டியில டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு வரிசை சீட்டு உண்டு. அதுல பாதியில நான், பாதியில உடையற சாமான். எனக்கும் முன் சீட்டுக்கும் நடுவுல அட்டைப் பெட்டி கூரை வரைக்கும். பின்னாடி நான் இருக்கறது அவருக்குத் தெரியாது, முன்னாடி அவரு இருக்கறது எனக்குத் தெரியாது. கத்திப் பேசினா இஞ்சின் சத்தத்துல கேக்காது. அதனால நேத்துல இருந்து ரெண்டடி தூரத்துல உக்காந்துக்கிட்டு எனக்குப் போன் பண்ணிப் பேசறாரு. பன்னெண்டு இருக்கா, இருக்கு. இருபத்தெட்டு இருக்கா, இருக்கு. நேத்து ஒரு நாள்ல நாப்பது தடவை.

இப்ப வண்டி எங்கன்னா... மத்தியானம் ரெண்டரைக்குக் கிளம்பினது. ஒரு அறுபது, எழுபது கிலோமீட்டர் போயிருக்கும்.

உக்காருங்கம்மா. யாரையும் கூப்பிட வேணாம். கல்லாவுல இருக்கிறவர்கிட்டச் சொல்ல வேணாம். போலீஸா? போலீஸுக்கு என்ன சொல்லுவீங்க? நான் காணாமப் போகலையே, இங்கதானே உக்காந்திருக்கேன். காணாமப் போனதா அவரும் சொல்லலையே. இப்பத்தானே பேசினாரு. கண்ணாடி இருக்கான்னு கேட்டாரு, இருக்குன்னேன், திருப்தியா வெச்சுட்டாரு.

கவனிச்சீங்களா, இருக்கா. கண்ணாடி இருக்கா, சாவி இருக்கா, டீ இருக்கா, துவைச்ச சட்டை இருக்கா. நான், இருக்கு. முப்பத்தோரு வருஷக் குடும்பம் மொத்தமும் இந்த ரெண்டு வார்த்தையில நடந்தது. எதிர் வீட்டுக்காரரு பெரிய முரடு. தெருவே கேக்கற மாதிரி சண்டை போடுவாரு. ஆனா வேலை முடிஞ்சு வந்து கேட்டைத் திறக்கும்போது, ஏய், இருக்கியான்னு ஒரு குரல் கொடுத்துட்டுத்தான் செருப்பைக் கழட்டுவாரு. அந்த அம்மா, எங்க போயிடப் போறேன்னு உள்ள இருந்து எரிஞ்சு விழுவா. நான் என் வீட்டுல மெஷினை நிறுத்திட்டு அதைக் கேட்டுக்கிட்டிருப்பேன். இருக்கா, இருக்கியா. நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் கூட. அது இருந்தா ஆளு, இல்லைன்னா சாமான். முப்பத்தோரு வருஷமா அந்த ஒரு எழுத்து குறையுது, ஒரு வாஷர் கூடினதுக்குச் சாப்பிடாம இருந்தவருக்குத் தெரியலை.

சொல்லியிருக்கலாமேன்னா? சொன்னேனே. பொண்ணு கல்யாணமாகிப் போன வருஷம் சொன்னேன். நீங்க என்னைக் கேக்கவே மாட்டேங்கறீங்கன்னேன். என்ன கேக்கணும், எழுதிக் கொடுன்னாரு. பொண்ணுகிட்டச் சொன்னா, அப்பா குணம் தெரிஞ்சதுதானேம்மான்னு சொல்லிட்டு மருமகனுக்குச் சாப்பாடு போடப் போயிட்டா.

அதனால நேத்துக் காலையில வண்டி ஏறும்போது மனசுக்குள்ள ஒண்ணு வெச்சுக்கிட்டேன். மொத்தம் அறுபத்திநாலு உருப்படி. ஒவ்வொரு தடவை வண்டி நிக்கும்போதும் இறங்கி எண்ணுவாரு. எந்த இடத்துலயாவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அறுபத்தஞ்சுன்னு சொல்லட்டும், இல்ல அந்த எழுத்தைச் சேத்துக் கேக்கட்டும், இந்த உலகத்தோட கடைசி வரைக்கும் கூடப் போறேன்னு. நேத்து ஏழு இடம், இன்னைக்கு இதோட நாலு. பதினோரு இடத்துல நின்னோம்.

நானும் சும்மா இருக்கலை. மூணாவது இடத்துல ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டேன், எண்ணும்போது கண்ணுல படட்டும்னு. கொஞ்சம் தள்ளிக்கோ, நாப்பத்தொண்ணு மறையுதுன்னாரு. பாவம் அந்த டிரைவரு, ஊரு பேரு தெரியாத மனுஷன், ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, அம்மா ஏறிட்டாங்களா சார்னு. இவரு பதில் சொல்லுவாரு, அறுபத்திநாலும் இருக்கு, எடுங்கன்னு. எட்டாவது இடத்துல, அதான் இன்னைக்குக் காலையில, வெக்கத்தை விட்டுக் கேட்டுட்டேன். ஏங்க, உங்க லிஸ்ட்டுல நான் எத்தனாவதுன்னு. அவரு அட்டையில இருந்து தலையைத் தூக்கிப் பாத்து, ரொம்ப அன்பாத்தான் சொன்னாரு, நீ எதுக்கு லிஸ்ட்டுல, நீதான் தானா ஏறிக்குவியேன்னாரு.

தானா ஏறத் தெரிஞ்சவளுக்குத் தானா இறங்கவும் தெரியும்னு அவருக்குத் தோணலை.

மறந்துட்டுப் போயிட்டாருன்னு நீங்களா நெனச்சீங்க. நான் அப்படிச் சொல்லலையே. அதோ, அந்தத் தண்ணிக் கேன் அடுக்கியிருக்கே, அதுக்குப் பின்னாடி பையோட நின்னுக்கிட்டிருந்தேன். அவரு எண்ணினதைப் பாத்தேன். டிரைவர் கேட்டது காதுல விழுந்துச்சு, இவரு சொன்னதும் விழுந்துச்சு. வண்டி எடுத்து, ரோட்டுல ஏறி, அந்தக் கட்டிலோட காலு மறையற வரைக்கும் பாத்தேன். அப்பக் கூட ஒரு நிமிஷம், நிறுத்திடுவாரோன்னு இருந்துச்சு. நிறுத்தியிருந்தா ஓடிப் போய் ஏறியிருப்பேன், அது நெசம்.

நாலரை பஸ்ஸு வண்டி போன பக்கம் போறதில்லையேங்கறீங்களா? தெரியும்மா, இந்தப் பக்கம்தான் போகுது. நான் வந்த பக்கம். ராத்திரி ஒரு இடத்துல பஸ்ஸு மாறணும், காலையில எங்க ஊரு. டிக்கெட் எடுத்தாச்சு. இந்த இடத்துல பஸ்ஸு நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்னா, எல்லாம் வழியில எங்கெங்க நிக்கணும்னு அவரு போட்ட கட்டம்தான். ரெண்டு பத்து, சாப்பாடு, இருபது நிமிஷம், எதிர்ப்பக்கம் போற பஸ்ஸுங்க நிக்கற இடம், கூட்டம் அதிகம், சாமான் ஜாக்கிரதைன்னு எழுதியிருந்தாரு. அந்த வரியைப் பாத்ததும்தான் போன மாசம் யூனிஃபார்ம் கடைக்கார அம்மாகிட்டப் போயி மாடியில இருக்கற ரூமைக் கேட்டேன். சின்ன ரூமுதான். ஒரு ஜன்னல், ரோட்டைப் பாத்து. பழைய இரும்புக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சிருந்தேன், மெஷினைத் தூக்கினா உங்க கடைக்குக் கொண்டு போகாதீங்க, நேரா அந்த மாடிக்குன்னு. கண்டம் ஒப்படைச்சாச்சுன்னு இவரு டிக் அடிச்சாரு. பள்ளிக்கூடம் திறக்க அஞ்சு வாரம்தான் இருக்கு. இருநூத்தி நாப்பது பாவாடை. இன்னும் துணியே வெட்டலை.

கஷ்டமா இல்லையான்னு கேக்கறீங்க. இருக்குங்க. அடிச்சு உதைக்கறவரா இருந்தா நாலு பேர்கிட்டச் சொல்லி அழுதுட்டாவது போகலாம். இவரைப் பத்தி யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரரு என்னை எண்ணலைன்னா? ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர் தனியா மேல இருக்கற பெட்டியிலயே வெச்சிருக்கேன், போனதும் தேடக் கூடாதுன்னு. அவரு சட்டையெல்லாம் தேய்ச்சு வெச்சிருக்கேன். சமைப்பாரு, நல்லாவே சமைப்பாரு, எல்லாம் அளந்து போட்டு.

எப்பத் தெரியும்? நாளைக்குச் சாயந்தரம் சாமான் இறக்கி, கடைசித் தாள்ல கையெழுத்து போடும்போது தெரியும். அறுபத்திநாலுக்குக் கீழ நான் ஒரு வரி சேத்திருக்கேன். அவரு பாணியிலேயே. அறுபத்தஞ்சு. ஏற்றவில்லை. குறிப்பு: உபயோகத்தில் உள்ளது. எழுத்து அழகா இருக்கணுமேன்னு மூணு தடவை வேற தாள்ல எழுதிப் பாத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி, ராத்திரி தங்கற இடத்துல டிரைவர் பின் கதவைத் திறந்தாருன்னா இன்னைக்கே தெரியும். பாப்போம்.

அதுவா பஸ்ஸு? பச்சை கலரா, இல்ல, அது வேற. ஓ, அதேதானா. இருங்க, பையை... அய்யோ, மறுபடியும் போன்.

சொல்லுங்க... ஹலோ... கேக்கலை, விட்டு விட்டு வருது... எது இருக்கா? எத்தனாம் நம்பர்?... ஹலோ... நான் பேசறது கேக்குதா?... என்ன கேட்டீங்க?

...

இல்லம்மா, ஒண்ணுமில்ல. மலை ஏறுதுபோல வண்டி, சிக்னல் போயிடுச்சு, அதான் லைனுல இருக்கியான்னு கேக்கறாரு. இருக்கியா, இருக்கியான்னு. மூணு தடவை கேட்டுட்டாரு.

ஹலோ... ஆங், கேக்குதுங்க. இப்ப நல்லாவே கேட்டுச்சு... இல்லைங்க. நான் இல்லை.

வெச்சுட்டாரா, கட்டாயிடுச்சா தெரியலை. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கம்மா, கண்டக்டர் விசில் அடிக்கறாரு.